ஸ்டாஃப் வார்டு சலுகை: பாதிக் கட்டணம் என்றால் எதில் பாதி?

புதுச்சேரி பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் 2008 ஜூன் மாதத்திலிருந்து வேலை பார்க்கிறேன். வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். காலை ஏழேகாலுக்குப் பல்கலைக்கழகப் பேருந்தில் ஏறினால் ரெட்டிச்சாவடி, முள்ளோடை தாண்டிப் போய் இறங்குவேன். சாயங்காலம் ஆறரைக்கு மேல்தான் வீட்டு வாசலை மிதிக்க முடியும். கணவர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கடலூரிலேயே ஏதாவது ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் சேர்ந்திருக்கலாம். இங்கே சேர்ந்ததற்குக் காரணம் நேர்முகத் தேர்வில் காதில் விழுந்த ஒரு வாக்கியம். "ஸ்டாஃப் பிள்ளைங்களுக்கு இங்க பாதி ஃபீஸ்தாம்மா." அன்று என் மகளுக்கு எட்டு வயது. வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்ன முதல் செய்தியே அதுதான்.

'ஸ்டாஃப் வார்டு', அதாவது பணியாளரின் பிள்ளைக்கான அந்தச் சலுகையைப் பற்றித்தான் இங்கே எழுதப்போகிறேன். மிக்சி வாங்கினால் விமர்சனம் எழுதுகிறோம், ஓட்டலில் சாப்பிட்டால் எழுதுகிறோம். ஒரு குடும்பம் பத்து வருடம் நம்பிக் காத்திருக்கும் சலுகையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. மகளை இந்தச் சலுகையில் படிக்கவைத்தேன். இன்னொரு பிள்ளைக்கு இதே சலுகையைக் கேட்டுக் கிடைக்காமல் திரும்பி வந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்து ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதவில்லை. என் சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது. தவிர, தனியார் கல்லூரிகளில் வேலை பார்க்கும் சிநேகிதிகளிடம் விசாரித்த வரையில் அவர்கள் இடத்திலும் படிவம் கிட்டத்தட்ட இதேதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2018-இல் மகள் பி.டெக். சேர்ந்தபோது இந்தச் சலுகை இல்லாவிட்டால் சேர்த்திருக்கவே மாட்டோம். தமிழ்நாட்டு அரசின் முதல் பட்டதாரிச் சலுகை அவளுக்குக் கிடையாது. அது ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேருகிறவர்களுக்குத்தான். அதோடு குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. நான் பி.ஏ. முடித்து, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தொலைதூரக் கல்வியில் நூலக அறிவியலும் படித்தவள். என் படிப்பு மகளுக்கு வரவேண்டிய ஒரு கதவை மூடியது. அதே படிப்பினால் கிடைத்த இந்த வேலை இன்னொரு கதவைத் திறந்தது. அதனால் சலுகைக் கடிதம் கையில் வந்த அன்று நான் பாடலீஸ்வரர் கோவிலுக்குப் போய் விளக்குப் போட்டுவிட்டு வந்தேன். அந்த நன்றி இன்றும் இருக்கிறது.

அப்புறம்தான் கட்டண ரசீது வந்தது.

அதை இப்போதும் பீரோவில் வைத்திருக்கிறேன். மஞ்சள் தாள். மேலே வலது மூலையில் ஊதா மையில் 'ஸ்டாஃப் வார்டு' என்று ஒரு ரப்பர் முத்திரை. கீழே ஏழு வரிகள். டியூஷன் ஃபீஸ், அதாவது பாடம் நடத்துவதற்கான கட்டணம், 80,000. வளர்ச்சி நிதி 25,000. ஆய்வகம், நூலகம் 12,000. தேர்வுக் கட்டணம் 6,000. பதிவுக் கட்டணம் 5,000. வேலைவாய்ப்புப் பயிற்சி 15,000. பேருந்து 28,000. மொத்தம் 1,71,000. சலுகை முதல் வரிக்கு மட்டும். எண்பதில் நாற்பது கழித்து, நாங்கள் கட்டவேண்டியது 1,31,000 என்று போட்டிருந்தார்கள்.

பாதி என்றதும் நாங்கள் 85,000 சேர்த்து வைத்திருந்தோம். மீதி 46,000-க்கு அன்று மத்தியானமே என் இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. கவுன்டரில் இருந்த பையனைக் குறை சொல்ல மாட்டேன். "மேடம், ரூல்ல டியூஷன் ஃபீஸ்ல பாதின்னுதான் இருக்கு" என்று பொறுமையாகத்தான் சொன்னான். அவன் சொன்னது சரி. பத்து வருடமாக எங்கள் காதில் 'பாதி ஃபீஸ்' என்றுதான் விழுந்தது, அவ்வளவுதான். வீட்டில் மாமியாரிடம் 'டியூஷன் ஃபீஸ்' என்று விளக்கினால், "காலேஜுக்கே போறா, அப்புறம் தனியா டியூஷன் எதுக்கு?" என்று கேட்டார். நம் ஊரில் டியூஷன் என்றால் சாயங்கால வகுப்புதான். அவர் கேட்டது நியாயமான கேள்வி. இந்தச் சொல்லுக்குள் என்ன அடங்கும், எது அடங்காது என்பது கல்லூரி அலுவலகத்துக்கு மட்டும்தான் தெரியும்.

ரசீதை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், எங்களுக்குக் கிடைத்தது பாதி இல்லை. மொத்தத்தில் கால் பங்குக்கும் கொஞ்சம் குறைவு. வருடங்கள் போகப்போக அதுவும் சுருங்கியது. நான்கு வருடமும் டியூஷன் ஃபீஸ் 80,000-த்தில் அசையாமல் நின்றது. மற்ற ஆறு வரிகள் சேர்ந்து 91,000-த்திலிருந்து நான்காம் வருடம் 1,12,000-க்கு ஏறின. ஏறிய 21,000-த்தைச் சலுகை தொடவே இல்லை. வெளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் அதே ஏற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் சலுகை எந்த வரியில் உட்கார்ந்திருக்கிறதோ அந்த வரி மட்டும் ஏறாமல் இருந்தால், சலுகையின் எடை தானாகவே குறைந்துகொண்டு போகும்.

பேருந்துக் கட்டணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். நானும் மகளும் ஒரே பேருந்து, ஒரே இருக்கை. நான் ஜன்னல் பக்கம், அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வருவாள். எனக்குச் சம்பளத்தில் மாதம் 400 ரூபாய் பிடிப்பார்கள். அவளுக்கு வருடம் 28,000. பணியாளரின் பிள்ளை பணியாளரோடு வரும்போதாவது இதைக் குறைக்கலாமே என்று கேட்டேன். 'போக்குவரத்து தனிப் பிரிவு' என்று பதில் வந்தது.

சரி, யாருக்குக் கிடைக்கும் என்பதற்கு வருகிறேன். நிரந்தரப் பணியில் ஐந்து வருடம் முடித்திருக்க வேண்டும். 'நிரந்தர' என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. நான் 2008-இல் சேர்ந்தேன், ஆனால் தொகுப்பூதியத்தில். பணி நிரந்தர ஆணை 2013 மார்ச்சில்தான் கைக்கு வந்தது. நடுவில் இருந்த நாலே முக்கால் வருடம் கணக்கில் வராது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்தபோது கடலூரும் புதுச்சேரியும் கிடந்த கிடை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மறக்காது. நூலகத்தில் ஜன்னல் பெயர்ந்து மேற்குப் பக்கத்து அலமாரிகள் முழுக்க நனைந்துவிட்டன. கரண்ட் இல்லை, மின்விசிறி இல்லை. நனைந்த புத்தகங்களை வராந்தாவில் நிற்கவைத்து, பக்கம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுநடுவே செய்தித்தாளைச் செருகி, இரண்டு வாரம் காயவைத்தோம். அந்த இரண்டு வாரமும் என் பணிக்காலத்தில் இல்லை. என் நல்ல காலம், மகள் சேரும்போது 2013-இலிருந்து எண்ணினாலும் ஐந்து வருடம் நிறைந்திருந்தது. ஆறு மாதம் தள்ளி ஆணை வந்திருந்தால் முதல் வருடச் சலுகை போயிருக்கும்.

ஒப்பந்தக்காரர் வழியாக வருகிறவர்களுக்கு எத்தனை வருடம் வேலை பார்த்தாலும் கிடையாது. எங்கள் பேருந்து ஓட்டுநர் அண்ணன் பதினோரு வருடமாக அதே தடத்தில் ஓட்டுகிறார். ஒருநாள் மத்தியானம் படிவத்தை எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு வந்து, "எழுதிக் குடும்மா, என் கையெழுத்து புரியாது" என்றார். மகள் பெயர், மதிப்பெண், பாடப்பிரிவு எல்லாம் எழுதினேன். 'பணியாளர் எண்' என்ற கட்டம் வந்தது. சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். அதில் பல்கலைக்கழகத்தின் பெயரே இல்லை. ஒப்பந்த நிறுவனத்தின் பெயரும் அவர்கள் கொடுத்த ஒரு எண்ணும்தான் இருந்தன. அந்த எண்ணையே எழுதிக் கொடுத்தேன். மறுநாள் படிவம் திரும்பி வந்தது. அன்றைக்கும் வண்டியை நேரம் தவறாமல் எடுத்தார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கல்லூரிகளுக்குத் தரச் சான்று கொடுக்கும் நாக் அமைப்புக்கு அறிக்கை எழுதும்போது, பணியாளர் நலத்திட்டங்கள் என்ன என்று கேட்கும் பகுதியில் இந்தச் சலுகையை எழுதுவார்கள். அங்கே 'பணியாளர்' என்ற சொல்லுக்குள் அந்த ஓட்டுநர் அண்ணனும் வரவேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

மற்ற நிபந்தனைகளை வேகமாகச் சொல்கிறேன். இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும். அதிலும் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான். கணவனும் மனைவியும் அங்கேயே வேலை பார்த்தாலும் ஒரு சலுகைதான். மருத்துவப் படிப்புக்குக் கிடையாது. விடுதிக்குக் கிடையாது. நாமே மேற்படிப்பு படிக்க விரும்பினால் சலுகை உண்டு, ஆனால் வேலை நேரத்தில் வகுப்புக்குப் போக அனுமதி இல்லை. அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அரியர் நிபந்தனை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியது. கட்டணம் கட்டும் தேதியில் மாணவருக்கு நிலுவைத் தாள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. மகளுக்கு மூன்றாம் செமஸ்டரில் கணிதத்தில் ஒரு தாள் போய்விட்டது. 2020 ஏப்ரலில் எழுதி முடித்துவிடலாம் என்றிருந்தாள். மார்ச் கடைசியில் ஊரடங்கு. தேர்வு தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. மூன்றாம் வருடக் கட்டணத்துக்கான தேதி மட்டும் வந்துவிட்டது. எழுதவே வாய்ப்பில்லாத தேர்வு அவள் பெயரில் நிலுவையாக நின்றதால் அந்த வருடச் சலுகை நிறுத்தப்பட்டது. அவள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "என்னாலதாம்மா நாப்பதாயிரம் போச்சு" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பத்தொன்பது, இருபது வயதுப் பெண்ணுக்கு அந்தப் பாரம் தேவையா? நான் மனு மேல் மனு எழுதினேன். தேர்வில் அவள் தேறிய பிறகு இரண்டாம் தவணைக்கு மட்டும் 20,000 கழித்துக் கொடுத்தார்கள். மற்ற 20,000 போனது போனதுதான். பிள்ளை படிப்பில் அக்கறையாக இருக்கவேண்டும் என்ற நோக்கம் எனக்குப் புரிகிறது. தேறாமல் விட்ட தாளையும், நடக்காமல் போன தேர்வையும் ஒன்றாக எண்ணியதுதான் புரியவில்லை.

நான்கு வருடத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஆகமொத்தம் 1,40,000.

இதற்கு எதிர்ப்பக்கம் இன்னொரு கணக்கு இருக்கிறது. சலுகை வாங்கும்போது இருபது ரூபாய் முத்திரைத்தாளில் ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுத்தேன். பிள்ளை படித்து முடிப்பதற்குள் நான் வேலையை விட்டால், அதுவரை வாங்கிய சலுகை முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும். 2019 ஜூனில் கடலூரில் ஒரு பள்ளி நூலகத்தில் கூப்பிட்டார்கள். மாதம் 3,500 ரூபாய் கூடுதல், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். மகள் இரண்டாம் வருடம் சேரும் நேரம். வாங்கிய 40,000-த்தைத் திருப்பிக் கொடுத்து, அடுத்த மூன்று வருடச் சலுகையையும் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. 34 மாதத்துக்கு மாதம் 3,500 என்று வைத்தாலே 1,19,000 ஆகிறது. கொரோனா சமயத்தில் அந்தப் பள்ளியில் சம்பளத்தைப் பாதியாக்கினார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அதனால் என் முடிவு தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் பிள்ளை படிக்கும் நான்கு வருடமும் நமக்கு வேறு வேலை என்று ஒன்று கிடையாது. சம்பள உயர்வு வரவில்லை என்றாலும் வாய் திறக்கத் தயங்குவோம். அந்த நான்கு வருடம் நான் தயங்கினேன்.

வருமான வரியிலும் ஒரு விஷயம் இருக்கிறது. என் சம்பளத்துக்கு வரி வராததால் எனக்கு அது தெரியவே தெரியாது. எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் தன் படிவம் 16-ஐ (சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்று) கொண்டுவந்து காட்டிக் கேட்டபோதுதான் தேடிப் படித்தேன். முதலாளி நடத்தும் கல்வி நிறுவனத்தில் ஊழியரின் பிள்ளை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ படித்தால், அந்தச் சலுகையும் சம்பளத்தோடு சேர்ந்த ஒரு பலன் என்று வருமான வரி விதி எடுத்துக்கொள்கிறது. என் மகள் படித்த காலத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய் வரைதான் விலக்கு. வருடம் 40,000 சலுகை என்றால் மாதம் 3,300-க்கு மேல் வந்துவிடுகிறது. வரி கட்டும் நிலையில் இருப்பவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடவேண்டும்.

மற்ற இடங்களில் எப்படி என்று விசாரிக்காமல் குறை சொல்லக் கூடாது என்று இரண்டு பேரிடம் கேட்டேன். என் நாத்தனார் கணவர் கோரிமேட்டில் ஜிப்மரில் வேலை பார்க்கிறார். அங்கே மத்திய அரசின் குழந்தைகள் கல்விப் படி. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு ஒரு பிள்ளைக்கு மாதம் 2,250 ரூபாய் என்று இருந்தது. அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டதும் 2024 ஜனவரியிலிருந்து 2,812 ரூபாய் 50 காசு ஆனது. விடுதியில் படித்தால் அதற்குத் தனி. அங்கேயும் மூத்த இரண்டு பிள்ளைகளுக்குத்தான். இரண்டாவது பிரசவத்தில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தால் மட்டும் விட்டுக்கொடுக்கிறார்கள். ஆனால் இந்தப் படி பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிடும். "உங்களுக்கு ஆரம்பிக்கிற இடத்துலதான் எங்களுக்கு முடியுது" என்றார் அவர். அது உண்மைதான். கல்லூரிச் செலவு வரும்போது அவர் கையை விரிக்க வேண்டியதுதான், எனக்கு ஒரு வரியிலாவது பாதி குறைகிறது. அதனால்தான் மூன்று மதிப்பெண்ணுக்குக் கீழே இறக்கவில்லை.

இன்னொருவன் என் மாமா மகன். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில் இருக்கிறான். அங்கே ஊழியருக்கும், மனைவி அல்லது கணவருக்கும், அவரைச் சார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் இளநிலைப் படிப்பில் கொடுக்கும் கட்டணக் குறைப்புக்கு வரி கிடையாது. அவர்கள் வருமான வரிச் சட்டத்தில் 117 என்ற பிரிவில் அது இருக்கிறது. மேற்படிப்பு என்றால் கதை வேறு. பாடம் எடுக்கவும் ஆராய்ச்சிக்கும் உதவியாளராக இருக்கிற மாணவர்களுக்குத்தான் அந்த விலக்கு. மற்ற ஊழியர் மேலே படித்தால் 127-ஆம் பிரிவின்படி வருடம் 5,250 டாலர் வரை வரியில்லை என்று பல வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் ஊழியருக்கு மட்டும், குடும்பத்துக்கு இல்லை. 2017-இல் அந்த 117-ஆம் பிரிவுச் சலுகையையே எடுத்துவிடப் பார்த்தார்களாம். கீழவை நிறைவேற்றிய மசோதாவில் இருந்தது, கடைசியில் சட்டமானபோது கைவிட்டுவிட்டார்கள். அவன் சொன்னதில் ஒரு விஷயம் மனதில் நின்றது. வேலைக்குச் சேரும்போதே எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும், எத்தனை சதவீதம், எந்தக் கட்டணம் சேராது என்று அவன் கையில் அச்சடித்துக் கொடுத்துவிட்டார்களாம். அவனுக்கும் வரம்புகள் இருக்கின்றன. அவற்றை முதல் நாளே படித்துவிட்டுச் சேர்ந்தான். நான் பத்தாவது வருடம் ரசீதில் படித்தேன்.

இனி அந்த இன்னொரு பிள்ளை.

என் அக்கா 2013-இல் இறந்துவிட்டாள். அவள் மகனுக்கு அப்போது ஆறு வயது. அவன் அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு திருப்பூர் பக்கம் போய்விட்டார், வந்து பார்ப்பதில்லை. அன்றிலிருந்து அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை. எங்கள் குடும்ப அட்டையில் அவன் பெயர் இருக்கிறது. ஆதாரில் எங்கள் முகவரி. பள்ளிக்கூடத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் பதினொரு வருடம் என் கையெழுத்து. என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவான். ஆனால் காய்ச்சல் வந்தால் தூக்கத்தில் அம்மா என்பான்.

2024-இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தான். எங்கள் பல்கலைக்கழகத்திலேயே எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் தொழில்நுட்பப் படிப்பு இருக்கிறது, அதில் சேர ஆசைப்பட்டான். மகள் படிப்பு முடிந்துவிட்டது. இரண்டு பிள்ளை என்ற வரம்பில் ஒரு இடம் காலியாகத்தான் இருந்தது. படிவத்தில் ஏழாவது கட்டம், 'விண்ணப்பதாரருக்கு உறவு'. நான் 'அக்கா மகன் (வளர்ப்பு)' என்று எழுதினேன். அலுவலகத்தில் அந்தச் சொல்லைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். "தத்தெடுத்த பத்திரம் இருந்தா குடுங்க மேடம், உடனே போட்டுடலாம்."

மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். 1956-ஆம் வருடத்து இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டப்படி, தத்துப் பிள்ளைக்குப் பதினைந்து வயது முடிந்திருக்கக் கூடாது, வேறு மாதிரி வழக்கம் இருக்கிற சமூகங்களுக்கு மட்டும்தான் விலக்கு என்றார். இவனுக்குப் பதினேழு. பெற்ற தகப்பன் இருக்கும்போது அவர் மனமொத்துக் கொடுக்கவும் வேண்டும். எங்களுக்கு ஆண் பிள்ளை இல்லாததால் முன்பே செய்திருந்தால் சட்டத்தில் தடை இருந்திருக்காது. "நாலு வருஷம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா, அப்பாவைத் தேடிப் பிடிச்சு கையெழுத்து வாங்கியிருக்கலாம்மா" என்றார். நான்கு வருடம் முன்னால் எங்களுக்கு அந்த எண்ணமே இல்லை. வீட்டில் வளரும் பிள்ளைக்குப் பத்திரம் எதற்கு என்றுதான் இருந்தோம். 'சட்டப்படி தத்தெடுத்த பிள்ளை' என்று பணியாளர் கையேட்டில் ஒரு வரி இருக்கிறது, நிஜம். அந்தக் கையேட்டை எங்களில் யாருக்கும் கொடுத்ததில்லை.

படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தேன். வீட்டில் அவன் எதுவும் கேட்கவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, "விடு சித்தி, பெரியார் காலேஜ்ல ஃபிசிக்ஸ் போடறேன்" என்றான். தேவனாம்பட்டினம் பெரியார் அரசு கலைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததால், 2024 ஆகஸ்டில் ஆரம்பித்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவன் கணக்கில் வருகிறது. யார் பெற்ற பிள்ளை, யார் வளர்த்த பிள்ளை என்று அந்தத் திட்டத்தில் எங்களை யாரும் கேட்கவில்லை. சைக்கிளில் போய் வருகிறான், நன்றாகத்தான் படிக்கிறான். ஆனால் ஸ்கேன் சென்டரைத் தாண்டிப் போகும்போது அவன் பெயர்ப் பலகையைப் படிப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

கல்லூரியில், பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேரப் போகிறவர்கள் இதைப் படித்தால், சேரும் அன்றே விதிப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்தக் கட்டண வரியில் சலுகை என்று கேளுங்கள். பணிக்காலம் எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படும் என்று கேளுங்கள். தம்பி, தங்கை, அக்கா பிள்ளை என்று யாரையாவது வளர்த்துக்கொண்டிருந்தால் பதினைந்து வயதுக்குள் வக்கீலைப் பாருங்கள். வாய் வார்த்தையை நம்பிப் பணம் சேர்க்காதீர்கள். நாங்கள் 46,000 குறைவாகச் சேர்த்தோம்.

பதிவாளருக்கு நான் ஒரு மனு கொடுத்திருக்கிறேன். சேர்ந்த தேதியிலிருந்து பணிக்காலத்தை எண்ண வேண்டும். ஒப்பந்தத்தில் பத்து வருடம் தாண்டியவர்களையும் சேர்க்க வேண்டும். குடும்ப அட்டையில் பெயர் இருந்து ஐந்து வருடத்துக்கு மேல் பணியாளரால் வளர்க்கப்படும் பிள்ளையைப் பிள்ளையாகவே ஏற்க வேண்டும். கடைசியாக, கையேட்டின் ஒரு பிரதியை நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும். முதல் மூன்றுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்திருக்கிறது. கடைசிக் கோரிக்கைக்கு மட்டும் ஒரு பழுப்பு உறையில் கையேடு வந்தது.

அதற்குப் பதிவு எண் போட்டு, முதுகில் சிட்டை ஒட்டி, குறிப்புதவிப் பகுதியில் கவுன்டருக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். சலுகை விதி 31-ஆம் பக்கம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் நூலக அட்டை வாங்க வரும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்துவிடுகிறேன். போன வாரம் ஓட்டுநர் அண்ணனும் வந்து நின்றபடியே படித்துவிட்டு, ஒப்பந்தக்காரர்களைப் பற்றிய வரியைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு போனார். அவருடைய சின்ன மகள் இப்போது ஒன்பதாவது படிக்கிறாள்.